பிடி சூழ்ந்த நிலமும் பிடி உண்ட உணவும்

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. முதலாம் இராசேந்திரனது ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டு இறைவர்க்குத் தேவதானமாக அளிக்கப்பெற்ற செய்தியை 31 ஏடுகளிற் கூறும் அவ்வாவணம், சோழர் குலவரலாற்றுக்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும். கொடைநிலத்தின் எல்லையை வரையறுத்தற்பொருட்டுப் பிடியொன்றை நடத்தி, அது சூழ்ந்த வழியே எல்லை குறித்தமையும் அதன்கண் காணப்படுகின்றது. பிடி சூழ்ந்த எல்லையை விரித்துரைக்கும் ஆவணம், அப்பிடி யாது தின்று வாழ்ந்தது என்பதனைக் கூறிற்றிலது. கூறவேண்டிய தேவையும் அதற்கில்லை.

கல்வெட்டுக்களின் இயல்பும் இதுவே. நந்தாவிளக்கொன்றுக்கு 96 ஆடுகள் என்பது தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிற் காணப்படும் கணக்கு. 90 எனக் கூறுவனவும் உள. அவ்வாடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பெற்றன. எண்ணிக்கை குறையாது காக்கப்பட வேண்டும் என்பதே அத்தொடரின் கருத்தாகும். ஆவணத்தில் ஆடு சாவதில்லை. ஆயின் மண்ணில் அதன் எலும்பும் பல்லும் எஞ்சுகின்றன. எழுத்து விடுத்ததனை அவை கூறுமோ என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்பன் என்னும் தனிமத்தில் எடை வேறுபட்ட, ஆயினும் சிதையாது நிலைத்திருக்கும் அணுவகை இரண்டு உள. அவை நிலைத்த ஐசோடோப்புகள் எனப்படும். எடை 12 உடையது பெரும்பான்மை. எடை 13 உடையது நூற்றில் ஒன்றளவே. மரம், செடி, நெல், பயறு முதலியன எடைமிக்க அணுவை மிகுதியும் விலக்குவன. வெப்பநாட்டுப் புற்களும், தினை, வரகு, சாமை, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகிய புன்செய்த் தவசங்களும் அதனைக் குறைவாகவே விலக்குவன. உலகப் பொது அளவுகோலோடு ஒப்பிட, முதல் வகையின் சராசரி ஆயிரத்துக்கு −27 அளவிலும், இரண்டாம் வகையினது −12 அளவிலும் அமையும். இவ்வேறுபாடு உண்ணும் விலங்கின் உடலிலும் படியும் என்பதனை டெனிரோ, எப்ஸ்டீன் என்னும் அறிஞர் இருவர் 1978-இல் ஆய்ந்து காட்டினர்.

இனி, இம்முறை யானைக்கு எவ்வாறு பொருந்தும் என்பது காண்போம். யானை புல்லும் தின்னும். தழையும் பட்டையும் தின்னும். தென்னிந்திய யானைகளின் எலும்பிலுள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தை இரா. சுகுமார், இரா. இரமேஷ் ஆகியோர் ஆய்ந்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். வளர்ந்த யானைகளின் அளவு −16.0 முதல் −20.3 வரை அடங்கியது, இளயானைகளினதோ −10.5 முதல் −22.7 வரை பரந்து கிடந்தது. வளரும் உடலில் எலும்புப் புரதம் விரைந்து புதுப்பிக்கப்படுதலின், முன்னுண்ட உணவின் சுவடு அதில் நிலைப்பதில்லை என்பது அவர்தம் கருத்து. மேலும், யானைகள் உண்ட அளவினும் மிகுதியாகத் தழையின் கார்பனே எலும்பிற் பதிந்திருந்தது. தழையில் புரதம் மிகுந்திருத்தல் அதற்குக் காரணமாகலாம் என்றனர்.

இம்முடிவு வரலாற்று மாணவர் கருதத்தக்கது. மெய்க்கீர்த்தியைப் பயில்வோர், அதிற் கூறும் வெற்றிகளையெல்லாம் அவ்வாறே கொள்வதில்லை. பாடியவன் யாவன், யார்பொருட்டுப் பாடினான் என வினவியே கொள்வர். எலும்பும் அத்தகைய ஒரு சான்றே. எவ்விலங்கு, என்ன அகவை, எவ்வுணவில் எவ்வளவு புரதம் என வினவாது அதன் எண்ணை மட்டும் கொள்வது பிழைபடும்.

இவ்வரையறைகளுக்கு உட்பட்டுத் தமிழக வரலாற்றுக்கு ஒரு பெரும் பயன் உண்டு. ஏரியும் காலும் பெருக நெல்வேளாண்மை பரவிய வரலாற்றை இதுகாறும் ஆவணங்களைக் கொண்டே பெரிதும் எழுதிவருகின்றோம். வைக்கோல் முதல் வகையினது. சோளத்தட்டையும் மேய்ச்சற்புல்லும் இரண்டாம் வகையின. ஆகவே, ஓரூரின் அடுத்தடுத்த மண்ணடுக்குகளிற் கிடைக்கும் மாட்டுப்பற்களை ஒப்பிடின், புல்லுண்ட மாடு வைக்கோலுண்ணத் தொடங்கிய காலத்தை உய்த்துணர இடமுண்டு. எனினும், தழையும் முதல் வகையினதே ஆதலின், தழை மேயும் வெள்ளாடு இதற்குச் சான்றாகாது. மாட்டுக்கும் உடன்கிடைக்கும் தவச எச்சங்களின் துணை வேண்டும்.

மிகப் பழங்காலத்துக்குப் பல்லின் மேற்பூச்சே தக்கது. எலும்புப் புரதம் நம் வெப்பநிலத்தில் எளிதில் அழியும். பற்பூச்சு பல இலட்சம் ஆண்டுகளுக்கும் தன் அளவைக் காக்கும். திருவாலங்காடு அமைந்த திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கொற்றலையாற்றுப் படுகையில், அத்திரம்பாக்கம் உள்ளது. இராபர்ட் புரூசு பூட்டு 1863-இல் கண்ட அவ்விடத்துக் கற்கருவிகளின் பழமை சுமார் 15 இலட்சம் ஆண்டு எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் நிறுவினர். அங்கே விலங்குகளின் புதைபடிவப் பற்களும் கிடைத்துள்ளன. அவ்விலங்குகள் மேய்ந்தது புல்வெளியோ காடோ என்னும் வினா, கருவி செய்த மாந்தரின் சூழலைப் பற்றிய வினாவுமாகும்.

அகழ்வோர் ஓட்டில் எழுத்திருப்பின் போற்றுவர். எழுத்தில்லா மாட்டுப்பல்லைப் போற்றுவார் சிலரே. மண்ணடுக்கும் விலங்கின் அகவையும் குறிக்கப்பெறாத பல்லால் இவ்வாய்வுக்குப் பயன் சிறிதே. பிடி நடந்த எல்லையைச் செப்பேடு காத்துத் தந்தது. அது போன்ற விலங்குகள் உண்டதனைக் காத்துத் தருதல் இனி அகழ்வோர் கையிலும் ஆய்வோர் கையிலுமே உள்ளது.