கடைசற்கலையின் கதை

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குகிறது. இது வெறும் உவமையன்று. மத்திற் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். பழங்காலக் கடைசற் பொறியும் அவ்வாறே இயங்கியது. எகிப்து நாட்டிலே, கி. மு. 300ஆம் ஆண்டளவில் எழுந்த பெற்றோசிரிஸ் என்னும் குருவின் கல்லறைச் சுவரில், ஒருவன் கயிற்றை இழுக்க மற்றொருவன் உளியைப் பிடித்துக் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது.

இவ்வகைப் பொறியில் உளி வெட்டுவது பாதி நேரமே. மரம் முன்னோக்கிச் சுழலும்போது வெட்டும். பின்னோக்கிச் சுழலும்போது கைவினைஞன் உளியைச் சற்றே விலக்கிக்கொள்வான். கட்டிற்கால் போன்ற நீண்ட உருப்படிகளை இரு முனைகளிலும் தாங்கிக் கடைய இது போதும். ஆயின், தட்டைப் பலகையின் முகம் முழுவதிலும் அலங்காரம் கடைவதென்றால் அம்முகத்தின் முன்னே தாங்குமுனை இருத்தலாகாது. பலகையைப் பின்புறத்தில் மட்டும் பற்றிச் சுழற்றும் உறுதியான அச்சு வேண்டும். ஒரே திசையில் இடையறாது சுழற்றும் சக்கரமும் இருந்தால் வேலை செம்மையுறும். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலியனார்டோ டா வின்சி, காலால் மிதித்து இயக்கும் சக்கரங் கொண்ட கடைசற் பொறியொன்றை வரைந்து வைத்தார்.

பலகை முகத்தில் மணி கடைதல் பொறுமையை வேண்டும் வேலை. முதலிலே கவராயத்தால் ஒன்றனுள் ஒன்றாக வட்டங்கள் குறிக்கப்படும். கூர்முனை உளியால் அவ்வட்டங்களிற் பள்ளம் வெட்டப்படும். பின்னர், இரு பள்ளங்களுக்கு நடுவே எஞ்சிய மேட்டை உச்சியிலிருந்து இருபுறமும் சிறிது சிறிதாகச் சரித்து உருட்டினால், மணியின் பாதி போன்ற வளையம் புடைத்தெழும். கோயில் அதிட்டானத்திலே சிற்பிகள் குமுதம் என வழங்கும் உருண்ட வரியை அது நினைப்பூட்டும்.

இங்கே இரண்டு இடர்கள் உள. ஒரு சுழற்சியிலே உளி இருமுறை மரத்தின் நாருக்கு இணையாகவும், இருமுறை அதற்குக் குறுக்காகவும் செல்கிறது. உளி மழுங்கியிருந்தால் நார் பிய்ந்துவிடும். அன்றியும், பலகையின் விளிம்பு விரைந்தோட, நடுப்பகுதி மெல்ல நகரும். ஆதலால் கையின் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறவேண்டும். இதனை உணர்த்தும் ஆசான் அனுபவம் ஒன்றே.

இலண்டன் கடைசற்காரரின் சங்கம் 1604இல் அரச பட்டயம் பெற்றது. எனினும், தொழில் நுட்பம் பெரும்பாலும் கையிலிருந்து கைக்கே சென்றது. பிரெஞ்சுத் துறவியாகிய சாள்ஸ் புளூமியே 1701இல் இக்கலையைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். இவர் தாவரவியல் அறிஞருமாவர். நம் நாட்டுக் கோயில் முன்றில்களிலே மலரும் ஈழத்தலரியின் தாவரவியற் பெயர் இவர் பெயரிலிருந்தே வந்தது.

இந்நூலை விரும்பியோருள் ருஷியப் பேரரசர் மகா பீற்றரும் ஒருவர். அவர் தம் கையாலேயே கடைந்தார். அவருடைய பட்டறையிலே பணிபுரிந்த அந்திரேய் நார்த்தோவ், உளியைக் கைக்குப் பதிலாகப் பொறியே பற்றி நகர்த்தும் அமைப்பை ஆக்கினார். தம் பொறிகளைப் பற்றி அவர் பெருநூலொன்றும் எழுதினார். ஆயின் 1756இல் அவர் மறைந்தபின் அந்நூல் நெடுங்காலம் அச்சேறாமற் கிடந்தது. 1800ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே ஹென்றி மோட்ஸ்லே உளி தாங்கும் நகர்பீடத்தைத் தொழிற்சாலைப் பொறியிற் செம்மையாக அமைத்தபோது, புகழ் அவரையே சேர்ந்தது. அரசனுடைய பொழுதுபோக்குக்காகப் பிறந்த நுட்பம் அரண்மனையிலே அடங்கிவிட்டது. தொழிலாளர் கைக்கு வந்த நுட்பமே உலகை மாற்றியது.

அம்மாற்றம் மரவேலையையும் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளின் கதவு நிலை மூலைகளிலே, வட்ட மணிகள் பொறித்த சதுரக் கட்டைகளை வைப்பது வழக்கமாயிற்று. அவற்றை ஒவ்வொன்றாகக் கடைவதற்குப் பதிலாக, மணிகளின் வடிவிலேயே தீட்டிய அலகினால் எல்லா வளையங்களையும் ஒரே அழுத்தில் வெட்டும் முறை பின்னர் வந்தது. விலை குறைந்தது, எளியோர் வீட்டுக்கும் அலங்காரம் எட்டியது. இந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும், அந்த அலகு எந்த வளைவைப் பெறவேண்டும் என்பதைப் பொறி தானாகக் கண்டறியவில்லை. உளியோடு பழகிய கைகளே பல தலைமுறைகளாக அதனைத் தேர்ந்து வைத்திருந்தன. பொறியின் வரலாற்றை எழுதுவோர் அக்கைகளுக்கும் ஓர் இடம் ஒதுக்குதல் வேண்டும்.