மருந்துக் கடைக்காரரும் பாசியும்

சோழவந்தானில் வைகை பிரசித்தம், வெற்றிலைக் கொடிக்கால் பிரசித்தம். பாசியை யாரும் சீந்துவதில்லை. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் கிணற்றடியிலும் கொல்லைச் சுவரிலும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் படர்ந்து, பாட்டிமாரை வழுக்கிவிடும் வஸ்து அது. தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டு மறந்துவிடுவோம். நம் பேச்சில் குளத்து நீரில் மிதப்பதும் பாசிதான், சுவரில் முளைப்பதும் பாசிதான். சாஸ்திரக்காரர்களுக்கோ இரண்டும் வேறு. சுவர்ப் பாசிக்குத் தண்டும் இலையும் உண்டு. பூ, விதை, உண்மையான வேர் கிடையாது. குண்டூசித் தலை போன்ற சிமிழுக்குள் வித்துக்களைத் தூளாக வைத்திருக்கும்.

லைப்சிக் நகரத்து வைத்தியரான ஹெட்விக், மைக்ராஸ்கோப்பில் அந்தச் சிமிழின் வாயைப் பார்த்தார். வாயைச் சுற்றிப் பற்கள்! பல்லைப் பார்த்து மாடு வாங்குகிறவர்களைப் போல, அவர் பல்லைப் பார்த்துப் பாசிகளைப் பிரித்தார். அவர் காலமானது 1799-ல். அவருடைய பெரிய நூல் வெளிவந்தது 1801-ல். அநேகமாக எல்லாப் பாசிகளுக்கும் பெயர்க் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்து வருகிறவர் வில்லியம் மிட்டன். இங்கிலாந்தில் ஹர்ஸ்ட்பியர்பாயிண்ட் என்ற கிராமத்தில் மருந்து கலந்து கொடுத்துப் பிழைத்தவர். பிறர் சேகரித்து அனுப்பிய உலர்ந்த பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே, 1859-ல் இந்தியப் பாசிகளைப் பற்றி விரிவான நூல் எழுதினார். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் இவருக்கு மாப்பிள்ளை. மாமனாரின் புகழ் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

குளத்து நீர் வற்றிய சேற்றில் முளைக்கும் பொடிப் பாசி ஒன்று உண்டு. அதன் சிமிழுக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். கழன்று விழும் மூடியும் இல்லை. இலைகளுக்குள் பதுங்கியிருந்து தானே வெடிக்கும். வாயே இல்லாதபோது பல் ஏது? இது தனிச் சாதி என்று தீர்மானித்து, 'பிஸ்கோமிட்ரெல்லா' என்று பெயரிட்டார்கள். மிட்டன் ஒப்பவில்லை. காம்பும் மூடியும் உள்ள 'பிஸ்கோமிட்ரியம்' குடும்பத்துப் பிள்ளைதான் இது என்று 1851-ல் எழுதினார். பெரும்பாலோர் கேட்கவில்லை. 2008-ல் இப்பாசியின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானபோதும் பழைய பெயரே இருந்தது.

கடைசியில் டி.என்.ஏ. சாட்சி சொல்லிற்று. இலையை அரைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, அதன் நான்கு எழுத்துக்கள் நிற்கும் வரிசையை உறவுக்காரப் பாசிகளின் வரிசையோடு ஒப்பிட்டார்கள். மூடியில்லாச் சிமிழ்கள் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை அல்ல; பிஸ்கோமிட்ரியம் குடும்பத்தின் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியவை. சேறு காய்வதற்குள் பிறந்து, வளர்ந்து, வித்திட வேண்டிய அவசரத்தில் காம்பும் மூடியும் அநாவசியமாகிவிட்டன போலும்! 2020-ல் ஆராய்ச்சியாளர்கள் மிட்டன் இட்ட பெயருக்கே திரும்பினார்கள்.

நிற்க. இனிப் பூதக்கண்ணாடிக்கு வேலையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். டி.என்.ஏ.யில் எழுத்து உண்டு, பெயர் எழுதியிருப்பதில்லை. 'இன்ன பாசி இது' என்று தெரிந்தவர் ஒருவர் பார்த்து, பொட்டலத்தில் எழுதி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். மிட்டனின் பொட்டலங்கள் 1906-ல் நியூயார்க் தாவரவியல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். சோழவந்தானைத் தாண்டினால் ரயில் கோடைக்கானல் ரோடு ஸ்டேஷனுக்குப் போகிறது. அங்கிருந்து மலையேறினால் செண்பகனூர். அங்கே இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஜார்ஜ் போரோ, பழனி மலைப் பாசிகளைப் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்தார். அவர் அனுப்பியவற்றை ஆராய்ந்த பொத்தியே தெ லா வார்த், தம் கட்டுரைகளுக்கு லத்தீனில் 'மதுரைப் பாசிகள்' என்றே தலைப்பு வைத்தார். போரோவின் சொந்தப் பட்டியல் 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. பழனி மலைப் பாசியின் டி.என்.ஏ.யைப் படிக்க விரும்புகிறவர் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.