இழுவை மடியின் கண்ணளவு

தமிழகக் கடலில் இழுவை வலையின் வரலாற்றை, சென்னை மாகாண மீன்துறை 1927-இல் 'லேடி கோஷென்' என்னும் கப்பலைக் கொண்டு கடலடி மீன்வளத்தை ஆராயத் தொடங்கியதிலிருந்து எழுதலாம் எனினும், அவ்வலை கரையோர மக்களின் தொழிலாக வேரூன்றியது, விசைப்படகுகள் பெருகி, உறைபதன இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நல்ல விலை கிடைத்த 1960-களில்தான்.

இழுவை வலை புனல் வடிவானது. இருபுறமும் கட்டிய பலகைகள் அதன் வாயை விரித்துப் பிடிக்க, இறக்கைகளுக்கிடையே அகப்படும் மீன் பின்னோக்கிச் சென்று கடைசிப் பையான மடியில் சேர்கிறது. எது தப்பும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இப்பையின் கண்ணளவே, அதாவது கண்ணை இழுத்துப் பிடிக்கும்போது எதிரெதிர் முடிச்சுகளுக்கிடையே உள்ள தொலைவே. சிறிய இறாலும் நழுவாதிருக்கக் கண்ணைச் சுருக்கியபோது, ஒருமுறைகூட முட்டையிடாத சங்கராவும் நவரையும் காரலும் சேர்ந்தே மடிக்குள் வந்தன. மடியின் அடிக்கயிற்றை அவிழ்த்ததும் தளத்தில் சரியும் குவியலில் இறாலைப் பொறுக்கிய பின் எஞ்சும் இந்தக் கழிவு மீன் முன்பு பெரும்பாலும் கடலிலேயே வீசப்பட்டது. பின்னர் அது மீன்மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் விலைபோகத் தொடங்கியதால், சிறுகண் மடியைக் கைவிட வேண்டிய தேவையே படகுக்காரருக்கு இல்லாமற் போயிற்று. இங்கிலாந்தில் 1376-இலேயே, மிக நெருங்கிய கண்களுள்ள ஓர் இழுவை வலை குஞ்சு மீன்களையும் அள்ளுவதாகவும், அம்மீன்கள் பன்றிகளுக்குத் தீனியாவதாகவும் நாடாளுமன்றத்துக்கு முறையீடு சென்றது என்பது இங்கே நினைக்கத் தக்கது.

கண்ணின் அளவைப் போலவே அதன் வடிவமும் முக்கியமானது. வழக்கமான சாய்சதுரக் கண், வலை இழுபட்டு மடி கனக்கும்போது நீளவாக்கில் விறைத்து மூடிக்கொள்வதால், கரையில் அளந்தபோது அகன்றிருந்த வலையும் நீருக்குள் குஞ்சுகளை வெளியே விடுவதில்லை. இழைகள் இழுவைத் திசைக்கு நேராகவும் குறுக்காகவும் அமைந்த சதுரக் கண்ணோ சுமையிலும் திறந்தே இருக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சதுரக்கண் மடியைப் பரிந்துரைத்ததும், தமிழ்நாட்டு விதிகள் 40 மில்லிமீட்டர் சதுரக்கண் மடியைக் கோருவதும் இக்காரணத்தாலேயே.

இவ்விதிகளுக்கு அடிப்படையான 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், விசைப்படகினருக்கும் நாட்டுப்படகினருக்கும் இடையே 1970-களில் மூண்ட மோதல்களின் பின்னணியில் பிறந்தது. எனவே கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகளை விலக்கிய எல்லைக்கோடே அதில் மக்கள் கண்ணுக்கு முதலில் பட்டது. வலைக்கண் பற்றிய விதி இன்றும் அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை.

இந்தப் புறக்கணிப்புக்குப் பேராசையை மட்டும் காரணமாக்குவது நியாயமாகாது. கண்ணைப் பெரிதாக்கும் படகு அன்றைய சிறு இறாலையும் கழிவு மீனையும் உடனே இழக்கிறது. தப்பிய மீன் சில மாதங்களில் வளர்ந்து எடை கூடும்போது அதை வேறு யார் வலையும் பிடிக்கலாம். டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் கடன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர் தனி ஒருவராக இந்த இழப்பைத் தாங்க இயலாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம், 2001-இல் 45 நாளாகத் தொடங்கி 2017-இல் 61 நாளாக நீண்டும் ஓரளவேனும் நிலைபெற்றதற்கு, எல்லா விசைப்படகுகளும் ஒரே நாளில் கட்டப்படுவதே காரணம். வலைகள் கரையில் பழுதுபார்க்கப்படும் அந்த 61 நாட்களிலேயே ஒவ்வொரு துறைமுகத்திலும் மடிகளை அளந்து, சதுரக்கண் மடிக்கு மாறும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்குமானால், அந்த இழப்பு எவர் ஒருவர் தலையிலும் தனியே விழாது.