மணல் தீவில் வீடுகளை உயர்த்தியவர்கள்

செப்டம்பர் 8-ஆம் நாள் என்றால் நம் மக்களுக்கு வேளாங்கண்ணித் திருவிழா, தேவமாதாவின் பிறந்த நாள். 1900-ஆம் ஆண்டு அதே நாளில், ஒரு சனிக்கிழமையன்று, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள கால்வெஸ்டன் என்னும் தீவு நகருக்குள் கடல் புகுந்தது. இறந்தோர் ஆறாயிரத்துக்கும் குறையார். எண்ணாயிரம் என்பாரும் உண்டு. கடலோரம் வீடு கட்டி வாழ்வோர் புயலுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்னும் கேள்விக்கு அந்நகரத்தார் பின்னர் கண்ட விடை விசித்திரமானது. அது நம் கடற்கரைப் பங்குகளில் உள்ளோரும் அறிய வேண்டிய வரலாறு.

மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். கால்வெஸ்டன் மக்களோ எல்லாருமே மணல்மேல் கட்டியவர்கள். அத்தீவில் வேறு நிலம் கிடையாது. நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்துக்கு மேல் ஒன்பது அடி இல்லை. பருத்தி ஏற்றுமதியால் செழித்த அத்துறைமுகத்தில் ஏறக்குறைய 37,000 பேர் வாழ்ந்தார்கள். அவ்வப்போது தெருவில் வெள்ளம் ஏறுவது அவர்களுக்குப் பழக்கமே. ஆதலால் செங்கல் தூண்களை நிறுத்தி அவற்றின்மேல் மர வீடுகளைக் கட்டினார்கள். தண்ணீர் அடியிலே ஓடிப் போய்விடும். அதே கடற்கரையிலிருந்த இண்டியனோலா என்னும் ஊர் 1875-லும் 1886-லும் புயலால் அழிந்து, பிறகு கைவிடப்பட்டது. அதைக் கண்டு அஞ்சிக் கடற்சுவர் கட்டவேண்டும் என்று பேசினார்கள்; செலவை எண்ணி விட்டுவிட்டார்கள். அரசு வானிலை அதிகாரி ஐசக் கிளைன் 1891-இல் பத்திரிகையில் எழுதிய கட்டுரையொன்றில், பெரும்புயல் இவ்வூரைத் தாக்கும் என அஞ்சுவது வீண் என்றார். போதாக்குறைக்கு, கரைக்கு அரணாக நின்ற மணல்மேடுகளையும் பள்ளம் நிரப்புவதற்காக வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இங்கே நம் திருச்சபைக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றுண்டு. கூபா நாட்டின் ஹவானா நகரில் யேசு சபைக் குருக்கள் நடத்திய பெலன் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், சுவாமி பெனிட்டோ வின்யெஸ் என்பவர் மேகங்களின் போக்கைக் கொண்டே புயலின் வழியைக் கணிக்கும் கலையை வளர்த்தார். 1875 செப்டம்பரில் அவர் வெளியிட்ட எச்சரிக்கை, இவ்வகையில் முதலாவது எனப் போற்றப்படுகிறது. அவருக்குப் பின் வந்த சுவாமி கங்கோய்தே, 1900-ஆம் ஆண்டுப் புயல் டெக்ஸாஸ் பக்கம் செல்லும் என்று கணித்தார். வாஷிங்டன் அதிகாரிகளோ அது வடகிழக்கே திரும்பி அட்லாண்டிக் கடலுக்குள் போய்விடும் என்று நம்பினார்கள். கூபாவிலிருந்து புயல் தந்திகள் வருவதையும் அவர்கள் சில நாட்களுக்கு முன்பே தடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை புயல் கொடி ஏற்றப்பட்டது. ஆயினும் சனிக்கிழமை காலை தெருவில் ஏறிய நீரில் சிறுவர் விளையாடினார்கள். பிற்பகலில்தான் வீட்டுக்காரர்கள் கோடரியை எடுத்தார்கள். மரத்தை வெட்டுவதற்கன்று, தங்கள் வீட்டுத் தரையையே பிளப்பதற்கு! தண்ணீரை உள்ளே விட்டால் வீடு மிதந்து போகாமல் நிற்கும் என்பது அவர்களது கணக்கு. சில வீடுகள் அவ்வாறு நின்றன, பல நிற்கவில்லை. புயலைத் தாங்கும் என்று நம்பிக் கட்டிய கிளைனின் வீட்டில் ஏறக்குறைய ஐம்பது பேர் தஞ்சம் புகுந்தனர். மிதந்து வந்த இடிபாடுகள் அதை மோதித் தகர்க்க, பதினெட்டுப் பேரே தப்பினர். அவருடைய மனைவி இறந்தார். கடல் சுமார் பதினைந்து அடி உயர்ந்தது. 3,600-க்கும் மேற்பட்ட வீடுகள் அடியோடு அழிந்தன.

நகருக்கு மேற்கே, கடலோரத்தில், மனுவுருவான வார்த்தையின் சிநேக சகோதரிகள் நடத்திய புனித மரியன்னை அநாதை இல்லம் இருந்தது. பத்துச் சகோதரிகள், 93 குழந்தைகள். சிறுவர் விடுதி பழையது. ஆதலால் எல்லாரையும் புதிய, உறுதியான சிறுமியர் விடுதிக்குக் கொண்டுவந்தனர். பயம் தெளிய "அலைகளின் அரசியே" என்னும் மாதா பாடலைப் பாடச் செய்தனர். நீர் ஏறவே, துணி உலர்த்தும் கொடிக்கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு சகோதரியும் ஆறு முதல் எட்டுக் குழந்தைகளைத் தம் இடுப்போடு பிணைத்துக்கொண்டார். கட்டிடம் வீழ்ந்தது. சகோதரிகள் பதின்மரும் 90 குழந்தைகளும் மாண்டனர். ஒரு மரத்தைப் பற்றிக்கொண்ட மூன்று சிறுவர் மட்டும் பிழைத்தனர். பின்னர் உடல்களைக் கண்டெடுத்தபோது கயிறு அவிழாமலே இருந்தது. இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 8-இல் அச்சபைச் சகோதரிகள் எங்கிருந்தாலும் அப்பாடலைப் பாடுகின்றனர்.

திரு இருதய ஆலயம் இடிந்தது. மரியன்னை பேராலயம் நின்றது. உர்சுலைன் கன்னியர் மடத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் உயிர் தப்பினர். கன்னியர்கள் வெள்ளத்தில் மிதந்தவர்களைக் கயிறு வீசி இழுத்துச் சேர்த்தார்கள்.

இனி அந்நகரத்தார் செய்ததைச் சொல்லவேண்டும். ஊரை விட்டுப் போகலாம் என்ற பேச்சும் எழாமலில்லை. ஆனால் மூன்று பொறியாளரை அழைத்து யோசனை கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட்; கூட்டம் நடத்தும் விதிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் பல சங்கங்களுக்குப் பிரமாணம். 17 அடி உயரத்தில், மூன்று மைலுக்கு மேல் நீளமுள்ள கான்கிரீட் கடற்சுவர் 1904-இல் முடிந்தது. சுவர் மட்டும் போதாது, ஊரையே உயர்த்தவேண்டும் என்பது அவர்களின் யோசனை. தீவின் குறுக்கே கால்வாய் வெட்டி, தூர்வாரும் கப்பல்களை உள்ளே கொண்டுவந்து, மணலும் நீரும் கலந்த குழம்பைக் குழாய்கள் வழியே தெருத் தெருவாக இறைத்தனர். அதற்குமுன் ஒவ்வொரு கட்டிடத்தையும் ஜாக்கி கொண்டு தூக்கி நிறுத்தவேண்டும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அவ்வாறு உயர்ந்தன.

மணல் நிரப்பும் செலவு பொதுப் பணம். வீட்டைத் தூக்கும் செலவோ வீட்டுக்காரர் தலையில். இது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது. புயலில் எல்லாம் இழந்த ஏழைக்கு ஜாக்கிக் கூலி சிறிய தொகையாக இருந்திருக்க முடியாது. பெரிய கல்வீடுகள் சிலவற்றைத் தூக்கவில்லை; கீழ்த்தளத்தை மண் மூட விட்டுவிட்டார்கள். ஆஷ்டன் வில்லா என்னும் மாளிகையின் இரும்பு வேலி பாதி புதைந்தே நிற்கிறது. தோட்டங்களும் மரங்களும் உப்புச் சேற்றில் மாண்டன. வேலை முடியும்வரை மக்கள் உயரமான பலகைப் பாதைகளின் மேல் நடந்தே கடைக்கும் ஆலயத்துக்கும் போனார்கள்.

புனித பேட்ரிக் ஆலயத்தின் எடை 3,000 டன். அதன் அடியில் 700 ஜாக்கிகளை வைத்து, எல்லாரும் ஒரே சமயத்தில் திருகுவதற்காகப் பாட்டுப் பாடியபடி, தொழிலாளர்கள் அதை ஐந்து அடி உயர்த்தினார்கள். ஒருவர் முந்தினாலும் சுவர் வெடித்துவிடும். கோபுரம் கட்டக் கூடிநின்று கல் சுமந்த பங்கு மக்களுக்கு அந்தப் பாட்டின் அருமை விளங்கும்.

1911-இல் மணல் வேலை முடிந்தது. 1915-இல் முன்னதற்கு நிகரான புயல் வந்தபோது சுவர் தாங்கிற்று. நகருக்குள் உயிரிழப்பு சொற்பமே. ஆனால் 2008-இல் வந்த ஐக் புயலின்போது, சுவரில்லாத பின்புறத்து வளைகுடாவிலிருந்து நீர் புகுந்தது. பேராலயத்தைப் பழுதுபார்த்துத் திறக்க 2014 ஆயிற்று. சுவர் எட்டாத மேற்குப் பகுதியில் வீடு கட்டுவோர் இன்றும் உயரமான மரத் தூண்களை நிறுத்தியே கட்டுகிறார்கள். வீடு மேலே இருக்கிறது; கீழே காரை நிறுத்துகிறார்கள்.