இப்னுல் ஹைதமும் பத்தொன்பதும்

இப்னுல் ஹைதம் என்றால் ஒளியியல், 'கிதாபுல் மனாழிர்' என்று எங்கட மேடைகளில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அந்த அறிஞர் முதன்மை எண்களைப் பற்றியும் எழுதியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவர் எடுத்துக்கொண்டது விடுகதை மாதிரியான ஒரு கணக்கு. ஓர் எண்ணை 2, 3, 4, 5, 6 எதனால் வகுத்தாலும் மீதி 1 வரவேண்டும். 7ஆல் வகுத்தால் மீதியே வரக்கூடாது. ஆகச் சிறிய விடை 301. விடையை விட அவர் போன வழிதான் பெறுமதியானது. 1 முதல் 6 வரை பெருக்கினால் 720. ஒன்றைக் கூட்டினால் 721. அது 7இன் 103 மடங்கு. எந்த முதன்மை எண்ணை எடுத்தாலும் இப்படித்தான் வரும் என்று கண்டார். முதன்மையல்லாத 6ஐ எடுத்துப் பாருங்கள்: 1 முதல் 5 வரை பெருக்கி ஒன்று கூட்ட 121, அது 6ஆல் வகுபடாது.

ஐரோப்பாவில் இதே முடிவை 1770இல் வேரிங் தன் மாணவர் வில்சனின் பெயரால் வெளியிட்டார். அடுத்த வருடம் லக்ராஞ்சு அதை நிறுவினார். பெயர் மட்டும் வில்சனோடு ஒட்டிக்கொண்டது. இப்னுல் ஹைதமின் பங்கை 1980இல் ரொஷ்தி ராஷித் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். எங்கட ஆள் பொதுவான நிறுவலைத் தரவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

இப்போது இதை எழுதக் காரணம், 'பத்தொன்பதின் அற்புதம்' என்ற பேச்சு இன்னும் ஓயாததுதான். எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ரஷாத் கலீஃபா, 1970களில் கணினி கொண்டு குர்ஆனின் எழுத்துகளையும் சொற்களையும் எண்ணி, எல்லாம் 19ஆல் வகுபடுகிறது என்றார். சூராக்கள் 114, அது 19இன் 6 மடங்கு. கேட்கிறவர் மயங்கத்தான் செய்வார். பிறகு கணக்கு பிசகியபோது அவர் கணக்கைக் கைவிடவில்லை. சூரா தவ்பாவின் கடைசி இரண்டு ஆயத்துகளும் குர்ஆன் அல்ல என்று தள்ளிவிட்டார்! உலமாக்கள் அவரை நிராகரித்ததில் என்ன ஆச்சரியம்? எந்தப் பெரிய நூலிலும் எண்ணுவதற்கு ஆயிரம் விடயங்கள் உண்டு. சராசரியாக அவற்றில் 19க்கு ஒன்று 19ஆல் வகுபடும். வகுபட்டதைப் பொறுக்கி, மற்றதை விட்டால் எந்த எண்ணையும் அற்புதமாக்கலாம்.

19இடம் உண்மையில் இருக்கும் இயல்பு வேறு. 1 முதல் 18 வரை பெருக்கினால் 6,402,373,705,728,000. ஒன்றைக் கூட்டி 19ஆல் வகுத்தால் மீதி இல்லை. 17க்கும் 23க்கும் அதே கதைதான்.

ஆனால் பெரிய எண்களுக்கு இந்த வழி உதவாது; பெருக்கவேண்டியது மலையாகிவிடும். எந்த எண்ணையும் விரைவாகவும் ஐயமின்றியும் சோதிக்கும் வழியை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டார்கள். 2024இல் கண்டுபிடிக்கப்பட்ட முதன்மை எண்ணுக்கு 4 கோடி 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். 2ஐ 136,279,841 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. அந்த வடிவ எண்களுக்கென்றே தனிச் சோதனை இருப்பதால்தான் அதை உறுதிசெய்ய முடிந்தது.