தங்கக் கடற்கரை கானா ஆன வரலாறு

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா, 1957 மார்ச் 6 அன்று பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. அதுவரை அந்நாட்டின் பெயர் தங்கக் கடற்கரை. தங்கத்தைத் தேடி வந்த போர்ச்சுகீசியர் 1482இல் எல்மினாவில் கோட்டை கட்டினர். டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் பின்தொடர்ந்தனர். தங்கத்தைவிட மனிதரை விற்பதில் லாபம் மிகுதி என்று கண்டதும், அக்கோட்டைகள் அடிமைகளை அடைத்து வைக்கும் கிடங்குகளாயின.

ஆதிக்கமும் எதிர்ப்பும்

கடற்கரைப் பகுதி 1874இல் பிரிட்டிஷ் காலனி ஆனது. ஆப்பிரிக்காவைப் பங்கிடும் விதிகளை வகுத்த 1884–85 பெர்லின் மாநாட்டுக்கு ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அழைக்கப்படவில்லை. உள்நாட்டு அசாந்தி அரசின் மன்னர் பிரெம்பே 1896இல் சிறைபிடிக்கப்பட்டார். 1900இல், அசாந்தி மக்கள் தம் இனத்தின் உயிராகப் போற்றிய தங்க இருக்கையை ஆளுநர் கேட்டபோது, யா அசந்தேவா என்ற மூதாட்டியின் தலைமையில் போர் மூண்டது. அவர் தோற்று, செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆனால் இருக்கை ஆங்கிலேயர் கைக்குக் கிட்டவே இல்லை.

1948 பிப்ரவரி 28

இரண்டாம் உலகப் போரில் தங்கக் கடற்கரை வீரர்கள் பிரிட்டனுக்காகப் பர்மாக் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டனர். ஊர் திரும்பியவர்களுக்கு வேலையில்லை. வாக்களித்த உதவிகளும் வந்து சேரவில்லை. விலைவாசி உயர்வை எதிர்த்து மக்கள் அந்நியப் பொருள்களைப் புறக்கணித்து வந்த நேரம் அது. 1948 பிப்ரவரி 28 அன்று முன்னாள் வீரர்கள் ஆயுதமின்றி, ஆளுநரிடம் மனு கொடுக்க அக்ராவில் ஊர்வலமாகச் சென்றனர். காவல் அதிகாரி ஒருவர் சுட்டதில் அட்ஜெட்டே, அட்டிபோ, ஒடார்ட்டே லாம்ப்டே ஆகிய மூவர் இறந்தனர். எந்தப் பேரரசுக்காகப் போரிட்டார்களோ, அதன் குண்டுக்கே அவர்கள் பலியாயினர். நகரெங்கும் கலவரம் பரவியது. குவாமே நக்ரூமா உள்ளிட்ட ஆறு தலைவர்கள் கைது செய்யப்பட்டனர்.

விடுதலை

படிப்படியான சீர்திருத்தம் போதும் என்றனர் மூத்த தலைவர்கள். 'இப்போதே தன்னாட்சி' என்றார் நக்ரூமா. 1949இல் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கிய அவர், 1950 ஜனவரியில் காந்தியடிகளின் வழியைத் தழுவி வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் நடத்தினார். மீண்டும் சிறை சென்றார். 1951 பிப்ரவரித் தேர்தலில் சிறையிலிருந்தபடியே வென்றார். அவர் கட்சியும் பெருவெற்றி பெற்றதால், ஆளுநர் அவரை விடுவித்து ஆட்சியில் அமர்த்தினார். 1952இல் அவர் பிரதமரானார்.

விடுதலை பெற்ற நாடு, பழைய ஆப்பிரிக்கப் பேரரசு ஒன்றின் பெயரான கானாவைச் சூடிக்கொண்டது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1960இல் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. உயிர்நீத்த மூன்று வீரர்களையும் கானா ஆண்டுதோறும் பிப்ரவரி 28இல் நினைவுகூர்கிறது.