பப்பாளிக்குக் கிடைத்த காப்பு

தோட்டத்து லயங்களின் கொல்லையில் பப்பாளி தானே முளைத்துக் காய்க்கும். அம்மரத்துக்கு 1991ஆம் ஆண்டு ஜொகூரில் ஒரு பகை வந்தது. இலை மஞ்சளித்தது, காயில் வளையங்கள் தோன்றின. அசுவினிப் பூச்சி பரப்பும் வளையப்புள்ளி நச்சுயிரியே அது. அதைத் தீர்க்க மருந்து இல்லை. நோயுற்ற மரத்தை வெட்டி அழிப்பதே வழி.

ஆயினும் செடிகள் ஆற்றலற்றவை அல்ல. உட்புகும் நச்சுயிரியின் மரபுச் செய்தியை அடையாளம் கண்டு துண்டு துண்டாக நறுக்கும் திறன் அவற்றின் உயிரணுக்களுக்கு உண்டு. பகை விரைந்து பெருகினால் அத்திறன் பிந்திவிடுகிறது. காட்டுப் பப்பாளி இனங்கள் சில இந்நோயைத் தாங்கும்; ஆனால் அவற்றோடு நாம் உண்ணும் பப்பாளியைக் கலப்பது கடினம்.

ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர் டென்னிஸ் கொன்சால்வெஸ். அவர் குழுவினர் நச்சுயிரியின் மேலுறைக்குரிய மரபணுவைப் பப்பாளியில் சேர்த்தனர். 1992இல் அங்குள்ள பூனா வட்டாரத்தை நோய் பற்றியபோது, அச்செடி சோதனைக்கு ஆயத்தமாக இருந்தது. 1998இல் விதை உழவர் கைக்கு வந்தது. உறைப்புரதமே காக்கும் என்றுதான் முதலில் கருதினர். பகையின் அடையாளத்தை முன்னரே அறிந்த செடி, தன் இயற்கை ஆற்றலாலேயே வென்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அதே 1998இல் மலேசியா உள்ளிட்ட ஐந்து தென்கிழக்காசிய நாடுகள் பப்பாளி ஆராய்ச்சியில் கைகோத்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில், செர்டாங்கிலுள்ள மார்டி ஆராய்ச்சிக் கழகம் அப்பணியை ஏற்றது. எனினும் அத்தகைய பப்பாளி இந்நாட்டில் வணிகப் பயிராகவில்லை. 2007ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதலின்றி அதை வயலில் நடவும் இயலாது. ஆய்வுக்கூடத்தில் பெற்ற வெற்றி கொல்லையை எட்ட, மக்களின் நம்பிக்கையும் வேண்டும்.